மிருதங்கம் செய்கிறவர் மகன்

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் பள்ளி மண்டபத்தில் படம் போட்டோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஏற்பாடு. நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பாய் விரித்தோம். கச்சான் பொட்டலமும் தேநீரும் தாய்மார்களின் பொறுப்பு. தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் இப்போது பாதிப் பேர் தோட்டத்தில், பாதிப் பேர் தாமான் வீடுகளில். குலை வெட்டுகிறவர்களும் தொழிற்சாலைக்குப் போகிறவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து பல நாளாகிவிட்டது.

என்ன படம் போடலாம் என்று கேட்டபோது ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். வெட்டுக் குத்து வேண்டாம், பேய் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நான் ‘சர்வம் தாள மயம்’ என்றேன். 2019-ஆம் ஆண்டு வந்த படம். அதைச் சொன்னதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

படம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. முன் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் திரும்பி, “இந்தா பாரு டீச்சரு, இவந்தான் கடைசியில கெலிக்கப் போறான்” என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். பாட்டி சொன்னது அப்படியே நடந்தது.

கதை அவ்வளவுதான். சென்னையில் மிருதங்கம் செய்து பிழைக்கும் ஜான்சன் என்பவரின் மகன் பீட்டர். படிப்பில் நாட்டமில்லை, விஜய் படம் வந்தால் முதல் காட்சிக்குத் தாரை தப்பட்டையோடு கிளம்புகிறவன். ஒருநாள் வேம்பு ஐயர் என்ற பெரிய வித்துவானின் கச்சேரிக்கு மிருதங்கம் கொண்டுபோன இடத்தில், அவர் வாசிப்பதைப் பார்த்துச் சொக்கிப் போகிறான். எனக்கும் கற்றுத் தாருங்கள் என்று அவர் வாசலில் போய் நிற்கிறான். அவரிடம் அணுக்கமாக இருக்கும் மணிக்கு அது பொறுக்கவில்லை. சேர்ப்பது, விரட்டுவது, ஊர் சுற்றுவது, மறுபடியும் சேர்வது, முடிவில் தொலைக்காட்சிப் போட்டி, கைதட்டல். நடுவில் ஒரு காதலும் உண்டு. நல்ல பெண், நர்ஸ்.

பீட்டராக நடித்த ஜீ.வி. பிரகாஷ் குமார் தாமே இசையமைப்பாளர். இந்தப் படத்துக்காக மிருதங்கம் பழகினார். வேம்பு ஐயராக வந்தவர் மலையாள நடிகர் நெடுமுடி வேணு. 2021-இல் மறைந்துவிட்டார். தாள வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர் என்பது அவர் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது. இயக்கியவர் ராஜீவ் மேனன். 2000-இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ எடுத்தவர். அதிலும் வீட்டை இழந்த குடும்பம் சென்னைக்கு வரும், தங்கை பாடகியாவாள். இசையமைப்பாளர் இரண்டுக்கும் ஏ.ஆர். ரகுமான்தான்.

பட்டணம் போய்ப் பாடிப் பேரெடுக்கும் கதை நமக்குப் புதிதா? எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது, எங்கள் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி ‘பயணங்கள் முடிவதில்லை’ போட்டார்கள். 1982-இல் வந்த படம், ஆர். சுந்தர்ராஜனுக்கு அதுதான் முதல் படம். ஏழைப் பையன் சென்னைக்கு வருகிறான், ஒரு பெண் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறாள், பெரிய பாடகனாகிறான், புகழ் வந்த கையோடு நோய் வந்து சாகிறான். அன்று திடலில் அழாத தாய்மார் இல்லை. மறுநாள் காலையில் பால்வெட்டுக்குப் போகும்போதும் அதே பேச்சு. மோகன் கையில் மைக் ஏறியது அந்தப் படத்தில்தான். பிறகு ‘மைக் மோகன்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. பாடிய குரல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தினுடையது. மோகனின் பல படங்களில் பேசிய குரலும் அவருடையதல்ல, எஸ்.என். சுரேந்தருடையது. நாங்கள் அழுதது யார் குரலுக்கு என்று இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது.

ஆனால் அந்தப் படத்துக்கு இசையமைத்தவரின் கதை சினிமாக் கதையைவிடப் பெரியது. பண்ணைப்புரம் என்ற மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து அண்ணன் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பியபோது, தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்று அந்தப் பணத்தை அவர்கள் கையில் கொடுத்தனுப்பினார். இளையராஜாவே பல மேடைகளில் சொன்ன செய்தி இது. வீட்டில் பாட்டுக் கேட்க இருந்த ஒரே பெட்டியை விற்றுப் பிள்ளையைப் பாட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அதற்கப்புறமும் ‘அன்னக்கிளி’ வர 1976 ஆயிற்று. நடுவில் இருந்த வருடங்களில் அவர் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் படித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக வேலை பார்த்தார். இந்த வருடங்களைத்தான் எந்தப் படமும் காட்டுவதில்லை. ஒரு பாட்டுக்குள் ஓட்டிவிடுவார்கள்.

நம் நாட்டிலும் இந்தக் கனவு பலிக்காமல் இல்லை. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற அண்ணன் தம்பி ‘அலிகேட்ஸ்’ குழுவில் மலாய்ப் பாட்டுப் பாடி நாடு முழுக்கப் பேர் வாங்கினார்கள். லோகா 2007-இல் காலமானபோது எல்லா இனத்தவரும் வருந்தினார்கள். 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் இசைக்கலைஞன் ஒருவனுக்கு ஒரு பாட்டு வரும். அதை 2006-இல் நம் ஊர் யோகி பி-யும் நட்சத்ராவும் புதிய மாதிரியில் செய்தார்கள்; அது தமிழ்நாட்டு இளைஞர்கள் வாயிலும் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து இங்கே வந்த பாட்டு, இங்கிருந்து அங்கே திரும்பிப் போயிற்று.

சரி, படத்துக்கு வருவோம். முடிவு முன்கூட்டியே தெரிந்தாலும் நான் இதை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். பீட்டருக்காக இல்லை, அவன் அப்பா ஜான்சனுக்காக. நடித்தவர் குமரவேல். தோலை ஊறவைத்துக்கொண்டும் வாரை இழுத்துக்கொண்டும் உட்கார்ந்திருப்பார். மகன் மிருதங்கம் கற்கப் போகிறேன் என்று சொன்னதும் அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. மிருதங்கத்தின் உள்ளும் புறமும் தெரிந்த மனிதருக்கு, அதை வாசிக்கிறவர்கள் வீட்டுக்குள் தனக்கு எதுவரை இடம் என்பதும் தெரியும்.

மிருதங்கம் எப்படிச் செய்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு மறுநாள் வகுப்பில் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். பலா மரத்தைக் குடைந்த கட்டை. இரண்டு பக்கமும் தோல். மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல் மூன்றும் அதில் சேர்கின்றன. இரண்டு முகத்தையும் இழுத்துக் கட்டுவது எருமைத் தோல் வார். வலப்பக்கத்தில் நடுவே கறுப்பாக வட்டம் தெரிகிறதே, அது சாயம் அல்ல. சோற்றோடு ஒருவகைக் கல்லின் பொடியைப் பிசைந்து, பூசிப் பூசித் தேய்த்து ஏற்றியது. இடப்பக்கத்துக்கு வாசிப்பதற்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். சுருதி சேருகிறதா என்று செய்கிறவர் தட்டித் தட்டிக் கேட்டுத்தான் முடிப்பார். ஆக, காது இல்லாமல் அந்தத் தொழிலே நடக்காது. வித்துவானுக்குச் சமமான காது. ஆனால் மேடையில் அவருக்கு நாற்காலி கிடையாது.

இது சினிமாக்காரர் கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். மிருதங்கம் செய்கிற குடும்பங்களைத் தேடிப் போய்ப் பேசி எழுதியது. அவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பை உலகமே புகழ்ந்தது. அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து என்பவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் புத்தகத்தை வெளியிடச் சென்னை கலாக்ஷேத்ரா முதலில் மண்டபம் தர ஒப்புக்கொண்டு, பிறகு மறுத்துவிட்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. படம் வந்த மறு ஆண்டே நடந்த சங்கதி இது.

படத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பீட்டர் முதலில் அடிப்பது தெருவில். கடைசியில் ஜெயிப்பது மேடையில், மிருதங்கத்தில். மண்டபத்தின் கதவைத் திற என்று படம் கேட்கிறது, நியாயம்தான். ஆனால் தெருவில் அடித்தானே, அதுவும் சங்கீதம்தானா என்று அது நின்று கேட்கவில்லை. நாமும் கேட்பதில்லை. மகன் மிருதங்கம் படிக்கிறான் என்றால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வோம். உருமி அடிக்கிறான் என்றால்? “கூட்டாளி சரியில்ல, ரௌடியாப் போயிடுவான்” என்போம். திருவிழாவில் காவடிக்கு முன்னால் உருமி வேண்டும், சாமி வருவதற்கு உருமி வேண்டும், இறுதி ஊர்வலத்துக்கும் சில இடங்களில் உருமி வேண்டும். வீட்டுப் பிள்ளை மட்டும் தொடக் கூடாது. பயத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இரவு ஒரு மணிக்கு வாகனத்தின் பின்னால் ஏறிப் போகிற பையன்களை நானும் பார்த்திருக்கிறேன். அதில் குற்றம் மேளத்தின் மேலா, கூட்டிப் போகிறவர்கள் மேலா?

இப்போது என் சொந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன். பெயர் வேண்டாம். மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பான். கணக்குப் போடும்போது ஒரு தட்டு, வாய்ப்பாடு சொல்லும்போது ஒரு தட்டு. விரலைப் பிடித்து நிறுத்தினால் கால் ஆடும். இரண்டு மாதம் பொறுத்தேன். ஒருநாள் அவன் அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றபோது, “உங்க மகன் வகுப்பக் கெடுக்கிறான், கொஞ்சம் கண்டிச்சு வையுங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். “சரிங்க டீச்சர்” என்றார்.

மறுநாள் பையன் முழுக்கைச் சட்டை போட்டு வந்தான். வெயில் காலம். சட்டையை மடித்துப் பார்த்தேன். அதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. அன்றிலிருந்து அவன் மேசையைத் தொடவில்லை. வாய்ப்பாடும் சரியாக வரவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் பாடம் நடத்த என்னால் முடியவில்லை.

பிறகுதான் அவன் அம்மா சொல்லிக் கேட்டேன். பையன் பக்கத்துக் கோயிலில் உருமிக்காரர்களோடு போய் நின்றிருக்கிறான். அப்பாவுக்கு அது ஏற்கெனவே தெரியும். நான் சொன்னது எரிகிற நெருப்பில் எண்ணெய். அவரே இளவட்டத்தில் உருமி அடித்தவராம். கூட வாசித்தவர்களில் ஒருவர் ஏதோ தகராறில் போய்ச் சேர்ந்த பிறகு விட்டுவிட்டாராம். பதினைந்து வருடமாகத் தொட்டதில்லை.

அதனால்தான் இந்தப் படம். அவர் குடும்பத்தோடு வந்தார். உட்காரவில்லை, கடைசி வரை பின் கதவோரம் நின்றுகொண்டே பார்த்தார். பையன் முன்னால் பாட்டியின் பக்கத்தில். மிருதங்கம் வந்த காட்சிகளில் அவன் விரல் தொடைமேல் ஓடியது. ஓடட்டும் என்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படம் முடிந்ததும் வழக்கம்போல ஒரு கேள்வி வந்தது. “ஏன் டீச்சர், நம்ம பிள்ளைங்கள இந்த மாதிரிப் போட்டிக்கு அனுப்ப முடியாதா?” கேட்டது ஒரு தாய். அவருக்கு ஒரு செய்தி சொன்னேன். 2023-இல் ஜீ தமிழ் தொலைக்காட்சியின் சிறுவர் பாட்டுப் போட்டிக்கு இலங்கை புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அசானி என்ற சிறுமி சென்னைக்குப் போனாள். தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. ஊரார் கைகொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்தப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதும் இலங்கைப் பிள்ளைதான், யாழ்ப்பாணத்துக் கில்மிஷா. அசானிக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஆனாலும் மலையகத்துக்கு அவள் திரும்பிய நாளில் ஊரே திரண்டு வரவேற்றது. சினிமாவாக இருந்தால் பரிசை அவள் கையில்தான் கொடுத்திருப்பார்கள். நம் பாட்டி கால் மணி நேரத்திலேயே சொல்லியிருப்பார்.

“அப்ப சீட்டு மாதிரின்னு சொல்லுங்க” என்றார் அந்தத் தாய். போட்டி சீட்டு மாதிரிதான், கற்றுக்கொள்வது அப்படி அல்ல என்றேன். கிள்ளானிலும் பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்றுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் தொடங்கிய டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. நாட்டியமும் சங்கீதமும் கற்றுத் தருகிறார்கள். பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, பத்து வருடம் ஒரு வாத்தியத்தோடு உட்கார்ந்த பிள்ளைக்கு உட்காரப் பழகிவிடும். படிப்பை விடச் சொல்லி நான் எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். பீட்டர் கல்லூரியை அலட்சியம் செய்ததை இயக்குநர் மன்னித்துவிட்டார். நம் பிள்ளைக்கு மன்னிக்க இயக்குநர் கிடையாது.

கூட்டம் கலைந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் கதவோரம் நின்றார். பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்பதற்குச் சொல் தேடிக்கொண்டிருந்தேன். “நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணே” என்றேன்.

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. “பிரிக்பீல்ட்ஸ்னா ரயிலேறணுமா டீச்சர்?” என்று கேட்டார்.

இங்கிருந்து பஸ்ஸில் கிள்ளான், கிள்ளானில் கொமுட்டர் ஏறினால் கே.எல். சென்ட்ரல், இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் என்றேன். வழியில் அங்காசாபுரி நிறுத்தம் வரும், நம் வானொலி நிலையம் அங்கேதான், பையனுக்குக் காட்டலாம் என்றேன். சும்மா எதையாவது சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஞாயித்துக்கிழம லீவு. ஆனா எனக்கு அந்த ஊரு தெரியாது” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தப் படத்துல அப்பாரு தோல ஊற வெக்கிறாரே, அது செரியாத்தான் காட்டிருக்காங்க. எங்களுதுக்கும் அப்படித்தான். கூடக் கொஞ்சம் ஊறிட்டா இழுக்கையில கிழிஞ்சிரும்” என்றார். நான் அவரிடம் கேட்ட மிக நீளமான பேச்சு அது.

பையன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கி வழிந்தான். மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துவிட்டு, சாவியைப் போடாமல் திரும்பிப் பார்த்தார்.

“வீட்ல அலமாரிக்கு மேல ஒண்ணு கெடக்கு டீச்சர். எலி கடிச்சித் தோலு போயிருச்சி. கிள்ளான்ல உருமி கட்டுற ஆளு யாரும் இன்னும் இருக்காங்களா, உங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கிள்ளான் பக்கத்து வாசகர்கள் யாருக்காவது தெரிந்தால், இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு எழுதுங்கள்.